வெளிநாட்டில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கத் தன்னார்வலராகப் போவது: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணி:
எல்லோருக்கும் வணக்கம். பி.டி.எஸ். முடித்து நான்கு வருடம் ஆகிறது, திருநெல்வேலியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குள் ஒரு மாதமாவது வெளிநாடு போய்க் குழந்தைகளுக்குப் பல் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தாய்லாந்து–மியான்மர் எல்லையில் இருக்கும் மே சொட் பற்றி என் சீனியர் ஒருவர் சொன்னார். மியான்மரிலிருந்து வந்த கரென், பர்மியர், மோன், ஷான், முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் உட்கார்ந்து படிக்கிறார்களாம், பலருக்குப் பல் மருத்துவர் முகமே தெரியாதாம்.

தேடியபோது ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு நல்ல தொகை கேட்கிறார்கள். "அனுபவம் தேவையில்லை, ஒரு நாளைக்கு நாற்பது பல் வரை எடுக்கலாம்" என்று போட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. பிரயோஜனம் உண்டா, என்ன எடுத்துப் போக வேண்டும், பாஷை தெரியாத பிள்ளையை எப்படி வாயைத் திறக்க வைப்பது, எது தெரிந்தாலும் சொல்லுங்கள்.

மலைப்பாதை:
நான் மே சொட் பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை மூன்று வாரம், அடுத்தது ஆறு வாரம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் தாக் மாகாணத்தில் இருக்கிறது. மோய் ஆறு ஒன்றுதான் எல்லை, கோடையில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. அக்கரையில் மியாவடி. பர்மாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த 1988 போராட்டத்துக்குப் பிறகு தப்பி வந்தவர்களில் சிந்தியா மாவுங் என்ற கரென் டாக்டரும் ஒருவர், அவர் 1989இல் தொடங்கியதுதான் மே தாவ் கிளினிக். 2002இல் மக்சேசே விருது வாங்கியவர். அகதி முகாம்கள் தனி. அவற்றில் பெரியது மே லா, 1984இலிருந்து இருக்கிறது, 30,000 பேருக்கும் மேல், உள்ளே போக அரசு அனுமதி வேண்டும். நீங்கள் போனால் பெரும்பாலும் முகாமுக்குப் போக மாட்டீர்கள், கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் சமூகப் பள்ளிகளுக்குத்தான் போவீர்கள். அப்பா அம்மா இருவரும் கரும்புக் காட்டிலோ தையல் ஆலையிலோ இருப்பார்கள்.

வாயைத் திறந்தால் தெரியும் நிலைமை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேல் முன்பல் நான்கும் வேர்க்கட்டையாக இருக்கும். காப்பி, பால், சர்க்கரை மூன்றும் கலந்த காப்பிப் பொடி பாக்கெட், கலர் கலராக இனிப்பு பாக்கெட், எல்லாம் பள்ளி வாசலிலேயே தொங்கும். பிரஷ் வீட்டுக்கு ஒன்று. அதைப் பார்த்து யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, பன்னிரண்டு மணி நேரம் கரும்பு வெட்டிவிட்டு வரும் அம்மாவிடம் இரவில் பிள்ளைக்குப் பல் தேய்த்தாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் தடவை நான் செய்த தவறைச் சொல்கிறேன். போன குழுவில் நாங்கள் ஆறு பேர், நான்கு நாளில் ஏழு பள்ளி. வரிசையில் நிற்க வைத்துப் பிடுங்கிக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் ஒரு பெண் குழந்தை, எட்டு வயது இருக்கும், ஊசி போட்டபோது அழவில்லை, பல்லை எடுத்தபோதும் அழவில்லை. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன். அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனேன். எங்கள் வேனைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். அவள் மட்டும் ஓடவில்லை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அந்தப் பயம் நாங்கள் போட்ட பயம்.

இரண்டாம் தடவை வேறு ஆட்களோடு போனேன். அங்கேயே பயிற்சி எடுத்த கரென் பணியாளர்கள் இருவர், நான் அவர்களுக்குக் கையாள். நாளுக்குப் பதினைந்து பிள்ளை, அவ்வளவுதான். அதிலும் பாதிப் பேருக்குப் பிடுங்கவே இல்லை. டிரில் கிடையாது, கரண்டும் தேவையில்லை: ஸ்பூன் எக்ஸ்கவேட்டர் என்ற கரண்டி மாதிரிக் கைக்கருவியால் மெத்தென்று இருக்கும் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புச் சிமெண்டை வைத்து விரலால் அழுத்துவது. 1980களில் தான்சானியாவில் உருவான முறை, நம் காலேஜில் ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு மறந்திருப்போம். ஊசி இல்லை, சத்தம் இல்லை, பிள்ளைகள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்த பல்லில் நன்றாக நிற்கும். இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்த சொத்தையில் அவ்வளவு நிற்காது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பாஷை பற்றிக் கேட்டீர்கள். பர்மியில் "நா லா?" என்றால் "வலிக்கிறதா?" நமக்கு நா என்றால் நாக்கு, அவர்களுக்கு வலி, அதனால் எனக்கு மறக்கவே இல்லை. கரெனில் "தா ப்ளு" என்றால் நன்றி. ஆனால் நீங்கள் பர்மியில் பேசினால் சில கரென் பிள்ளைகள் முகம் இறுகும். அவர்கள் வீட்டில் அது ராணுவத்தின் பாஷை. பக்கத்தில் இருக்கும் கரென் பணியாளர், வந்திருப்பது எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்து மாற்றி மாற்றிப் பேசுவார், அதை ஒரு டாக்டரால் மூன்று வாரத்தில் கற்க முடியாது.

சங்கரன்கோவிலான்:
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. களக்காடு மலையில் காணிக்காரர் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஜவ்வாது மலையில் இருக்கிறார்கள், செங்கல் சூளையில் வடநாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரிசாவிலிருந்து வந்த குழந்தைக்கும் தமிழ் தெரியாது, பல் டாக்டரைத் தெரியாது. விமானச் செலவு இல்லாமல் அதே வேலையை இங்கேயே செய்யலாமே? நான் பல் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பள்ளிக்கு வருடத்துக்கு ஒரு தடவை வரும் கேம்ப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: வருகிறார்கள், டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், "சொத்தை, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சீட்டு எழுதுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். சீட்டு பையிலேயே கிழிகிறது.

தாமிரபரணி:
அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சூளைப் பிள்ளைகளுக்கு நான் இதுவரை எதுவும் செய்ததில்லை, கேம்ப்புக்குப் போய் சீட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் மே சொட் ஏன் என்றால் ஒரு காரணம் உண்டு. என் தாத்தா பர்மாவில் மோல்மின் என்ற ஊரில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர். மே சொட்டிலிருந்து மியாவடி வழியாகப் போகும் சாலை மோல்மினுக்குத்தான் போகிறது என்று வரைபடத்தில் பார்த்ததும் என்னவோ போல் இருந்தது. அவ்வளவுதான். இதை வாதமாகச் சொல்லவில்லை.

சங்கரன்கோவிலான்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. போய் வாருங்கள். ஆனால் சூளையை மறக்காதீர்கள்.

வடமராட்சி:
நான் இப்போது டொரோண்டோவில் இருக்கிறேன், பல் வைத்தியத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் படித்த பள்ளிக்கூட வளவுக்குள் ஒரு சின்ன அறை, அதில் ஒரு பல் நேர்ஸ் அக்கா. டொக்டர் இல்லை, நேர்ஸ்தான். வகுப்பு வகுப்பாகக் கூப்பிடுவா. எங்கள் ஒவ்வொருவருடைய பெயரும் அவவுக்குத் தெரியும், எங்கள் அம்மாமாருடைய பெயரும் தெரியும். இலங்கையில் இந்த முறை 1950களில் மகரகமவில் பயிற்சிக் கல்லூரி வந்தபோது தொடங்கியது, நியூசிலாந்து உதவியோடு. நியூசிலாந்தில் அதற்குப் பல வருடம் முன்பே, 1921இல், தோமஸ் ஹன்டர் என்பவர் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியிருக்கிறார். மலாயாவிலும் 1949இல் பினாங்கில் அதே மாதிரி ஒன்று. எனக்கு இது எல்லாம் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான், அக்கா நாளைக்கும் இருப்பா.

சண்டை நாட்களில் மருந்து வராமல் பல தடவை அந்த அறை பூட்டிக் கிடந்தது. ஆனால் கடல் கடந்து போன வெள்ளைக்காரர் நான்கு நாள் பல் பிடுங்கிவிட்டுப் போயிருந்தால் எனக்கு இன்று இந்தப் பற்கள் இருந்திருக்குமோ தெரியாது. மலைப்பாதை எழுதிய அந்தக் கரென் பணியாளர்கள் இருவரும்தான் எங்கள் அக்கா. தங்கச்சி, நீங்கள் போனால் அவர்களுக்கு உதவியாகப் போங்கோ. அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்யப் போகாதையுங்கோ.

பீடோ அக்கா:
குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ்., பதினெட்டு வருடமாகப் பிள்ளைகள் மட்டும்தான். தாமிரபரணி, "அனுபவம் தேவையில்லை" என்று எழுதியவர்களிடம் போகாதே. திருநெல்வேலியில் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் தனியாக ஒரே நாளில் பிள்ளைகளுக்கு நாற்பது பல் எடுத்தால் சும்மா விடுவார்களா? அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் புகார் எழுத மாட்டார்கள், போலீஸைக் கண்டாலே பயப்படுகிற நிலையில் இருப்பவர்கள். அதனால்தான் அங்கே நடக்கிறது. இங்கே செய்யக்கூடாத எதையும் அங்கே செய்யாதே, எனக்கு இது ஒன்றுதான் முக்கியம்.

இனி வேலை விஷயம்.

ஊசி. நாம் முப்பது மில்லி வயலிலிருந்து சிரிஞ்சில் ஏற்றிப் பழகியவர்கள், அளவு கண்ணில் தெரிவதே இல்லை. அங்கே நன்கொடையாக வரும் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்து நிரப்பிய சின்னக் குப்பி, இருக்கும், 1.8 மில்லி, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் 2 சதவீதம் என்றால் ஒன்றில் 36 மில்லிகிராம். பிள்ளைக்கு எடைக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம்தான் உச்சம். 15 கிலோ பிள்ளைக்கு 66. இரண்டு கார்ட்ரிட்ஜ் முழுசாகப் போட்டாலே தாண்டிவிட்டாய். அங்கே ஆறு வயதுப் பிள்ளை நான்கு வயது மாதிரி இருக்கும், வயதைக் கேட்டு ஊசி போடாதே, எடை மெஷினில் ஏற்று. ஒரு சின்ன எடை மெஷின் உன் பெட்டியில் இருக்கட்டும், பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸைவிட அது முக்கியம்.

கீழ்த்தாடையில் பிளாக், அதாவது நரம்பை மரக்க வைக்கும் ஊசி, போட்டால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்துக் கிடக்கும். பிள்ளை தெரியாமல் கடித்துக் குதறிக்கொள்ளும். நம் ஊரில் அம்மா பக்கத்தில் இருப்பாள், "கடிக்க விடாதே" என்று சொல்லி அனுப்புவோம். அங்கே அம்மா காட்டில் இருப்பாள், பிள்ளை நேராக வகுப்புக்குப் போகும். மறுநாள் உதடு வீங்கிப் புண்ணாகி நின்றால் பள்ளி முழுக்கச் சேதி பரவிவிடும். டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஊசி போடு. இரண்டு பக்கமும் ஒரே நாளில் கூடவே கூடாது.

அப்புறம் ஆறு வயதுப் பல். எனக்கு இதுதான் உயிர், அதனால் விரிவாகச் சொல்கிறேன். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் எதுவும் விழாமல் சத்தமில்லாமல் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாததால் வீட்டில் யாருக்கும் அது புதுசு என்றே தெரியாது, பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவார்கள். மேலே ஆழமான பள்ளங்கள், முளைத்த ஓரிரு வருடத்திலேயே சொத்தை பிடிக்கும். இதே பல்லை எட்டு வயதில் பிடுங்கினால் அந்தப் பிள்ளைக்கு எழுபது வயதுவரைக்கும் அங்கே ஓட்டைதான். உனக்கு ஒரு நாளில் பதினைந்து பிள்ளைக்குத்தான் நேரம் என்றால், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்து, இந்த நான்கு பல்லையும் துடைத்து, பள்ளத்தில் கிளாஸ் அயனோமரை அழுத்திவிட்டு வா. வலியோடு வரும் பிள்ளை, கன்னம் வீங்கிய பிள்ளை, அவர்களுக்கு எப்போதும் முன்னுரிமை, அதில் பேச்சே இல்லை.

தாமிரபரணி:
அக்கா, ரொம்ப நன்றி. எக்ஸ்ரே இருக்காது என்று நினைக்கிறேன். சில்வர் டயமைன் ஃப்ளூரைடு பற்றிக் கேட்கலாமா? நான் இங்கே இரண்டு மூன்று பேருக்குத்தான் போட்டிருக்கிறேன்.

பீடோ அக்கா:
நல்ல மருந்து. 38 சதவீதக் கரைசல், ஒரு சொட்டு, ஒரு நிமிஷம் தேய்த்தால் பெரும்பாலும் சொத்தை அப்படியே நின்றுவிடும், கெட்டியாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளூரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் ஆகியவற்றோடு இதையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சீழ் வைத்த பல்லுக்கு மட்டும் போடாதே, உள்ளே நரம்பு செத்த பிறகு அதனால் பலன் இல்லை. ஆனால் சொத்தை பிடித்த இடம் கறுப்பாகிவிடும், திரும்ப வெள்ளையாகாது. போடுவதற்கு முன் சொல்லியே ஆக வேண்டும்.

மலைப்பாதை:
இந்தக் கறுப்பு விஷயத்தில் ஒரு பாட்டி எனக்கு நன்றாகப் புரிய வைத்தார். பேத்தியின் முன்பல்லில் போடலாமா என்று போட்டோ காட்டிக் கேட்டோம். அவர் வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுத்த தன் பல்லைக் காட்டி, "என் பல்லும் கறுப்புதான், வலிக்கவில்லை, போடு" என்றார். அடுத்த நாள் இன்னொரு அம்மா, தையல் ஆலையில் வேலை பார்ப்பவர், கண்டிப்பாக வேண்டாம் என்றார். இவள் தாய்லாந்துப் பள்ளியில் சேரப் போகிறாள், ஏற்கனவே பர்மாக்காரி என்று கேலி செய்வார்கள், கறுப்புப் பல்லும் வேண்டுமா என்று அழுதுவிட்டார். இரண்டு பேரும் சரி. நாங்கள் கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் போட்டுவிட்டு முன்பல்லைச் சுரண்டி அடைத்தோம். கேட்காமல் போட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

கிள்ளான் மலர்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், அரசு கிளினிக்கில் பல் டாக்டர். வார இறுதியில் அகதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போகிறோம், மியான்மரின் ரோஹிங்கியா, சின் இனப் பிள்ளைகளும் ஆப்கன், சோமாலிப் பிள்ளைகளும் உண்டு. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு, இந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் இல்லை. அதனால் அரசுப் பள்ளிகளுக்கு வரும் பல் நேர்ஸ் இவர்களிடம் வருவதில்லை. கடைவீட்டு மாடியில் இரண்டு அறையில் நடக்கும் பள்ளி, அங்கே போய்ப் பார்க்கிறோம்.

நான் சொல்ல வந்தது தொடுவது பற்றி. சில பிள்ளைகள் சாய்ந்து படுக்கவே மாட்டார்கள். மேலே வெளிச்சம், முகமூடி போட்ட ஆள் குனிந்து வருவது, கையில் இரும்பு: அவர்கள் என்ன பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது. நான் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போடுவேன். கண்ணாடியைப் பிள்ளை கையில் கொடுத்து முதலில் என் பல்லை எண்ணச் சொல்வேன். அண்ணன் தங்கை வந்தால் அண்ணன் மடியில் தங்கை. ரோஹிங்கியா வீட்டுப் பெண் பிள்ளை கொஞ்சம் பெரியவளாக இருந்தால் ஆண் டாக்டர் தொடுவதை அம்மா விரும்ப மாட்டார், நான் போவதே பாதிக் காரணம் அதுதான். மூன்றாவது தடவைதான் வாய் திறந்த பிள்ளைகள் உண்டு. அதற்கு நாம் அதே ஊரில் இருக்க வேண்டும்.

தேம்ஸ் கரை:
லண்டனில் இருக்கிறேன். ஜெருசலேமில் ஒரு இலவசக் குழந்தைகள் பல் கிளினிக் இருக்கிறது, நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்த ட்ரூடி பிர்கர் என்ற அம்மையார் 1980இல் தொடங்கியது. யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை செய்கிறார்கள், உலகம் முழுவதிலுமிருந்து பல் டாக்டர்கள் தன்னார்வலராகப் போகிறார்கள். என்னுடைய ஆசிரியர் ஒருவர் பல வருடம் முன்பு போய் வந்தார். அங்கே அவருக்குப் பிடித்தது, டாக்டர்தான் மாறிக்கொண்டே இருப்பார், கிளினிக் மாறாது, பிள்ளையின் ஃபைல் அலமாரியில் இருக்கும். ஒருவர் தொடங்கிய வேர் சிகிச்சையை அடுத்த வாரம் வருபவர் முடிப்பார். எந்த இடத்துக்குப் போனாலும் "போன மாதம் வந்தவர் எழுதிய குறிப்பைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட ஒன்றுமில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

வடமராட்சி:
அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதோடு காசு எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கோ. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் அந்த எல்லை முகாம்களில் ஆஸ்பத்திரிகளே சில நாளில் பூட்டப்பட்டன. பூட்டினாலும் அங்கேயே இருப்பவர்கள் யார் என்று பார்த்து அவர்களோடு சேருங்கோ.

தாமிரபரணி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்வி அனுப்பினேன்: போன குழு எழுதிய குறிப்பு இருக்கிறதா, ஊசி போட்ட பிள்ளையை மறுநாள் யார் பார்ப்பார்கள், அந்த நாட்டுப் பல் மருத்துவக் கவுன்சிலின் அனுமதியை யார் வாங்கித் தருவார்கள். பணம் கட்ட வேண்டிய கணக்கு எண்தான் பதிலாக வந்தது. விட்டுவிட்டேன்.

மலைப்பாதை அண்ணா தனிச்செய்தியில் அறிமுகப்படுத்திய பணியாளரோடு நேற்று போனில் பேசினேன். கரென்காரர், ஆங்கிலம் மெதுவாகப் பேசுகிறார். டாக்டர் வேண்டுமா என்று கேட்டேன். "வாருங்கள், ஆனால் ஒரு மாதம் குறையாமல் வாருங்கள். முதல் வாரம் எங்கள் வேலையைப் பாருங்கள். புதிதாக மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம், அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். பிறகு, கிளாஸ் அயனோமர் தீர்ந்துகொண்டிருக்கிறது, கொண்டுவர முடியுமா என்று கேட்டார். பல் பிடுங்குவது பற்றி அவர் பேசவே இல்லை.

டிசம்பருக்கு லீவு சொல்லியாயிற்று. அம்மாவிடம் தாத்தாவின் சாலையைப் பற்றிச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். சங்கரன்கோவில் அண்ணா, அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பக்கத்துச் சூளையில் இந்த எக்ஸ்கவேட்டர் வேலையைச் செய்து பழகலாமா? முதலாளியிடம் நீங்கள் பேசித் தர வேண்டும்.

சங்கரன்கோவிலான்:
பேசிவிட்டேன் அம்மா. அடுத்த ஞாயிறு காலை எட்டு மணி. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஒடியா தெரிந்த ஒரு அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். எடை மெஷின் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

பீடோ அக்கா:
முதல் நாள் நானும் வருகிறேன். கிளாஸ் அயனோமர் இரண்டு செட் என்னிடம் இருக்கிறது. தாமிரபரணி, ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயா? முதல் ஊசிக்கும் மூன்றாவதுக்கும் ஆறு மாதம் வேண்டும், போடவில்லை என்றால் இன்றைக்கே போய் முதலாவதைப் போடு.

தாமிரபரணி:
காலேஜில் இரண்டு போட்டேன் அக்கா, மூன்றாவது விட்டுப்போனது. நாளைக்குப் போகிறேன்.